ஏழு மீற்றர்

பல்கனியில் உடுப்புக் காயவிடும் கொடிக்கயிற்றின் நுனியில் ஏதோ குப்பை சிக்கித் தொங்குகிறதென்று என் மனைவி அதை இழுத்தெறியப் போனாள். கை கிட்டப் போனதும் பெருவிரலளவு குருவியொன்று அவளுடைய காதை உரசுவதுபோலப் பறந்து போனது. தேன்சிட்டின் கூடு. அன்றிலிருந்து ஐந்து கிழமை எங்கள் வீட்டில் உடுப்பெல்லாம் ஹோலுக்குள்தான் காய்ந்தது.

பார்ப்பதற்குக் கருவி இருந்தது. 2014இல் ஸ்காபரோவிலிருந்து வந்த மைத்துனர், திரும்பும்போது பெட்டி நிறை கூடிவிட்டதென்று விட்டுப்போன பைனாகுலர். பத்துக்கு ஐம்பது. அதாவது பத்து மடங்கு பெருக்கம், முன்வில்லையின் விட்டம் ஐம்பது மில்லிமீற்றர். கழுத்தில் போட்டால் அரை மணித்தியாலத்தில் பிடரி நோகும். “அத்தான், உங்கட சதுப்புக்கு இதுதான் சரி” என்று தந்துவிட்டுப் போனார். சரியாகத்தான் இருந்தது. கொலன்னாவையில் எங்கள் மேல்மாடியிலிருந்து நாலைந்து தகரக் கூரைகளையும் ஒரு மதிலையும் தாண்டிப் பார்த்தால் சதுப்பு தெரியும். நீர்க்காகம் செட்டையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்பது, கூழைக்கடா தாழப் பறப்பது, நீலத் தாழைக்கோழி தன் பெரிய பாதங்களை ஆகாயத்தாமரை இலைமேல் ஒவ்வொன்றாக எடுத்துவைப்பது, எல்லாவற்றையும் பத்து வருடமாக அதில்தான் பார்த்து வந்திருக்கிறேன்.

கூட்டைப் பார்ப்பதற்கு யன்னலடியில் நின்று அதே பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். பழுப்பு நிறப் புகை. நடுவிலிருக்கும் சக்கரத்தை உருட்டினேன். புகை கொஞ்சம் கெட்டியானது, அவ்வளவுதான். சக்கரம் முட்டி நின்றுவிட்டது. கூடு கண்ணுக்கு முன்னால் இரண்டு மீற்றரில் தொங்குகிறது, வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது, கருவிக்குத் தெரியவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தேன். இன்னொன்று. கதிரையை இடித்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு, கண்ணிலிருந்து கருவியை எடுக்காமலே பின்னோக்கி நடந்தேன்.

“இஞ்சேருங்கோ, என்ன, பின்னுக்குப் பின்னுக்கு வாறியள்? அடுப்பில எண்ணெய் கொதிக்குது.”

குசினிக்குள் வந்துவிட்டிருந்தேன். முதுகு காஸ் அடுப்பு மேடையில் முட்டிய அந்த இடத்தில்தான் கூடு பளிச்சென்று கண்ணுக்குள் வந்து விழுந்தது. பிறகு நாடா பிடித்து அளந்தேன். ஏழு மீற்றர். எங்கள் வீட்டின் நீளம் அதைவிட ஒன்றரை மீற்றர்தான் கூட. சின்ன வீடாக இருந்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் படிக்கட்டில் நின்றுதான் என் பல்கனியைப் பார்த்திருக்க வேண்டும்.

கிட்ட இருப்பதைப் பார்க்கத் தள்ளிப் போகவேண்டியிருந்தது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் போன பிறகு கிடைத்தது வேறு. ஏழு மீற்றரில் பத்து மடங்கு என்றால் முக்கால் மீற்றரில் முகத்தை வைத்துப் பார்ப்பதுபோல. கூடு ஒரு சுருக்குப்பை மாதிரி. சிலந்தி வலைதான் நூல், அதுவேதான் பசையும். காய்ந்த மரப்பட்டைச் சிராய், புழுவின் எச்சம், இலைச் சருகு, எங்கிருந்தோ வந்த நீல நிற பிளாஸ்ரிக் நார் ஒன்று. வாசலுக்கு மேலே சிறு தாழ்வாரம் இறக்கியிருந்தது, மழைக்கு. பெட்டைக் குருவிதான் கட்டியது. சேவல் கூடவே வந்து, கயிற்றில் உட்கார்ந்து, ஊதா மினுங்கப் பாடிவிட்டுப் போனது; ஒரு நார் கொண்டுவந்ததை நான் காணவில்லை. இதை மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் வெண்டிக்காய் அரிந்தாள்.

ஏன் ஏழு மீற்றர்? உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவன் என்பதால் கேள்வி விடவில்லை. முன்வில்லையின் குவியத்தூரம் 20 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம், இந்த அளவுக் கருவிகளில் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். வானத்து நட்சத்திரத்திலிருந்து நூறு மீற்றரிலுள்ள தென்னைமரத்துக்குப் பார்வையை இறக்க, பார்வைத்துண்டு வெளியே வரவேண்டிய தூரம் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. நூறிலிருந்து பத்து மீற்றருக்கு வர இன்னும் மூன்றரைக்குக் கொஞ்சம் மேல். பத்திலிருந்து இரண்டு மீற்றருக்கு வரவேண்டுமானால் மேலும் பதினெட்டு மில்லிமீற்றர் வரவேண்டும். சதுப்பு, அதற்கப்பால் ராஜகிரியக் கட்டடங்கள், அதற்கும் அப்பால் உள்ள பூமி, சந்திரன், சனிக்கிரகம் எல்லாம் அந்த முதல் அரை மில்லிமீற்றருக்குள் அடங்கிவிடுகின்றன. மிச்சச் சக்கரம் முழுவதும் எங்கள் பல்கனிக்கு. அதிலும் செய்தவர்கள் ஏழு மீற்றருக்குரிய இடத்தோடு நிறுத்திவிட்டார்கள். அதற்குமேல் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இத்தாலியரான போரோ 1854இல் அரியங்களை வைத்து ஒளியை மடக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதைக் கையில் எடுத்து 1894இல் சைஸ் கம்பனி இன்று நாம் காணும் உருவத்தில் பைனாகுலரை விற்கத் தொடங்கியது. முன்வில்லைகள் இரண்டும் கண்களுக்கிடையிலான இடைவெளியைவிட அகலமாக விலகி நிற்கும். அதனால் தூரத்துக் காட்சிக்கு ஆழம் கூடும், முன்னே நிற்கும் மரம் பின்னே நிற்கும் மரத்திலிருந்து பிரிந்து தெரியும். பட்டாளத்துக்கும் வேட்டைக்கும் கப்பலுக்கும் வேண்டியது அதுதான். அதே அகலம்தான் கிட்டப் பார்வைக்கு வில்லங்கம். இரண்டு குழாய்களும் இரண்டு வேறு இடங்களைப் பார்க்கின்றன. வலது கண்ணுக்குக் கூட்டின் வாசல், இடது கண்ணுக்கு முதுகு. இரண்டு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் நழுவும், தலை இடிக்கும். நடுக்கீலைக் கொஞ்சம் மடித்துக் குழாய்களை நெருக்கினால் ஓரளவு சரிவரும். மூக்கு நுனியைப் பார்க்க நாம் என்ன செய்கிறோம்? இரண்டு கண்ணையும் உள்ளே திருப்புகிறோம். வண்ணத்துப்பூச்சியின் பெயரைச் சூடிய பென்டக்ஸ் பப்பிலியோ என்ற கருவி இதையே செய்கிறது. சக்கரத்தை உருட்ட உருட்ட முன்வில்லைகள் ஒன்றையொன்று நெருங்கி வரும், அரை மீற்றர் வரைக்கும் பார்க்கலாம். மாறுகண் வைத்துச் செய்த பைனாகுலர். இப்போது வருகிற எட்டுக்கு நாற்பத்திரண்டு வகைகளிலும் பல இரண்டு மீற்றருக்கு இறங்கும். தும்பி பார்க்கிறவர்களும் வண்ணத்துப்பூச்சி பார்க்கிறவர்களும் பெருகிய பிறகு கம்பனிகளுக்கு உண்டான ஞானம் அது.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த சொற்கள் இரண்டு: தொலைகாட்டி, நுணுக்குக்காட்டி. ஒன்று தொலைவிலிருப்பதைக் காட்டும், மற்றது நுணுக்கமானதைக் காட்டும். இடையிலே, இரண்டு மீற்றரில் தொங்குகிற சாதாரண அளவுப் பொருளைக் காட்டுவதற்கு ஒரு ‘காட்டி’ இல்லை. அதற்குக் கண் போதுமென்று விட்டிருப்பார்கள்.

கொலன்னாவையைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் அதிகம். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. கொலன்னாவை எண்ணெய்க் குதம் என்று நினைத்துத்தான் போட்டார்கள் என்பது இந்தப் பக்கத்தில் இன்றைக்கும் சொல்லப்படும் கதை. சதுப்பை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரைக்கும் ஒரு கதை உண்டு. சிங்களத்தில் அதன் பெயர் ‘ஜப்பான் ஜபர’. தண்ணீரைத் தரையென்று நம்பி ஜப்பான்காரன் விமானத்தை இறக்கட்டும் என்று வெள்ளைக்காரன் பரப்பினானாம். நல்ல கதை. ஆனால் அந்தச் செடியை ஒழிப்பதற்கு இலங்கையில் 1909ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டாகிவிட்டது. இருந்தாலும் கதையை விட எனக்கு மனமில்லை, ஏனென்றால் மேல்மாடியிலிருந்து பார்த்தால் அது தரைதான். புதிதாக வந்த ஒருவர் பந்து விளையாடலாமா என்று கேட்டிருக்கிறார்.

1995 ஒக்டோபர் 20ஆம் திகதி கொலன்னாவை எண்ணெய்க் குதங்களைப் புலிகள் தாக்கியபோது நான் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தேன். வடகிழக்கே கறுப்புப் புகை எழும்பி நின்றது. மேலே ஏறிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஒருவரும் ஏறவில்லை. அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் சட்டைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டு அறைக்குள் இருந்தோம். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெடியன் கொழும்பில் பைனாகுலரோடு பிடிபட்டிருந்தால், குருவி பார்க்க வைத்திருக்கிறேன் என்று அவன் சொல்வதை எந்தச் சோதனைச் சாவடி கேட்டிருக்கும்? 2007 ஏப்ரலில் உலகக் கிண்ண இறுதியாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இரவில், நகரம் முழுவதும் விளக்கணைந்து, வானத்தில் சிவப்புக் கோடுகள் கிளம்பின. புலிகளின் விமானங்கள் அந்த முறையும் கொலன்னாவையைத் தேடித்தான் வந்தன. அப்போதும் வெள்ளவத்தையில்தான் இருந்தேன். எனக்கு இந்த ஊர் பல வருடங்களாக அடிவானத்து வெளிச்சமாகவும் புகையாகவும் மட்டுமே தெரிந்தது. 2011இல் வீடு மலிவாகக் கிடைத்ததென்று இங்கே வந்தபோது, எண்ணெய்த் தாங்கிகள் வெள்ளையடித்த வட்டமான, கொஞ்சம் சலிப்பூட்டுகிற பொருள்களாக இருப்பது ஆச்சரியமாக இருந்தது.

இந்த இடத்தில் என் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பைனாகுலர் வந்த நாளிலிருந்து பறவைக் கணக்கு எழுதி வருகிறேன். 2015, 2016ஆம் ஆண்டுப் பக்கங்களில் அடிக்கடி வரும் பெயர் பருந்து. மீதொட்டமுல்லைக் குப்பைமேட்டுக்கு மேலே மாலையில் அவை வட்டமிடும். கீழே காகங்களும் உண்ணிக்கொக்குகளும். பத்து மடங்கில் பார்க்க மிக அழகு, வெயில் சாய்ந்த நேரத்தில் செம்பருந்தின் முதுகு செம்புத் தகடு மாதிரி மினுங்கும். ஒரு நாள் நாற்பத்திரண்டு எண்ணி எழுதிக் கீழே கோடிட்டிருக்கிறேன். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு. பெரிய வெள்ளியும் அன்றுதான். பின்னேரம் அந்த மேடு சரிந்து அடிவாரத்து வீடுகள்மேல் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். அங்கிருந்தவர்கள் வருடக்கணக்காக முறையிட்டும், தெருவில் இறங்கிப் போராடியும் வந்திருந்தார்கள். பத்திரிகையில் நானே வாசித்திருக்கிறேன்.

குவியத்தைச் சாட்டாகச் சொல்ல எனக்கு வழியில்லை. கிட்டப் பொருளில்தான் தெளிவின் ஆழம் குறைவு. ஏழு மீற்றரில் ஒரு சாண் ஆழம் மட்டும் தெளிவாக நிற்கும், கூட்டின் வாசல் தெரிந்தால் பின்னாலுள்ள மதில் கரைந்துவிடும். தூரம் போகப் போக இது மாறும். நூறு மீற்றரில் ஒரு மைதானமே தெளிவாக நிற்கும். அதற்கும் அப்பால் முன்னும் பின்னும் எல்லாம் தெளிவு. ஆகவே அந்தப் பருந்துகளுக்குச் சரிசெய்த அதே குவியத்தில் அடிவாரத்துக் கூரைகளும் அவற்றின்மேல் வைத்திருந்த கற்களும் துல்லியமாகத் தெரிந்திருக்கும். கையை ஒரு விரற்கடை தாழ்த்தியிருந்தால் போதும். கொப்பியில் அந்த வருடப் பருந்துக் கணக்கு மார்ச் மாதத்தோடு நிற்கிறது.

மறுபடி கூட்டுக்கு வருகிறேன். குசினியில் நான் நிற்பது ஒருவருக்கும் வசதியாக இல்லை. குஞ்சு பொரித்த பிறகு காலையும் மாலையும் அங்கேதான் நின்றேன். தாளிக்கும்போது வில்லையில் எண்ணெய் தெறித்தது. ஏழைக் குறைக்க வழி உண்டா என்று யோசித்தேன், இரண்டு கிடைத்தன. வலப்பக்கப் பார்வைத்துண்டு தனியாகத் திரும்பும். இரு கண்ணுக்கும் பார்வை வித்தியாசம் இருந்தால் சமப்படுத்த வைத்தது. அதைச் சகக் குறிப்பக்கம் கடைசி வரை திருப்பினால் அந்தக் குழாய் மட்டும் இன்னும் ஒன்றரை மில்லிமீற்றர் நீளும், ஐந்தரை மீற்றருக்கு இறங்கலாம். இடக்கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டாவது வழி தற்செயலாக அகப்பட்டது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே குறும்பார்வை, கழித்தல் நாலு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பைனாகுலரை வைத்தபோது கூடு இன்னும் கிட்ட வந்து தெளிந்தது. கண்ணின் குறை கருவியின் குறைக்கு ஈடுகட்டிவிட்டது. இரண்டு வழியையும் சேர்த்தபோது நாலரை மீற்றர். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம். குசினி மீண்டும் மனைவிக்குச் சொந்தமானது.

குறும்பார்வைக்காரனுக்கு நாற்பத்தைந்துக்கு மேல் வெள்ளெழுத்தும் வந்து சேரும். எழுத்தெல்லாம் வெளுத்துப் போவதால் வெள்ளெழுத்து. கண்ணில் நடப்பதை அல்ல, புத்தகத்தில் நடப்பதாகத் தோன்றுவதைப் பெயராக வைத்திருக்கிறார்கள். தெளிவாகப் பார்க்கக்கூடிய இழிவுத் தூரம் 25 சென்ரிமீற்றர் என்று பரீட்சையில் எழுதினோம். எனக்கு அது கண்ணாடியோடு இப்போது முழங்கை தாண்டிவிட்டது. மருந்துச் சீட்டைக் கையை நீட்டித் தள்ளிப் பிடிக்கிறேன். கை போதாதபோது பேத்தி வயதுப் பிள்ளை யாராவது வாசிக்கிறது.

அப்படி வாசிக்கிறவள் கீழ்வீட்டுச் சின்ன மகள், எட்டு வயது. பெருநாள் முடிந்த மறுநாள் வந்தாள், கை நிறைய மருதாணி. குஞ்சைக் காட்டினேன். இரண்டு அலகு மட்டும் வாசலில் ஆரஞ்சு நிறமாகத் திறந்து மூடியது. அவளுக்கு ஒரு நிமிடத்தில் அலுத்துவிட்டது. பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்து, பெரிய வில்லைப் பக்கம் கண்ணை வைத்து என்னைப் பார்த்தாள்.

“அங்கிள் தூரத்துல, குட்டியா இருக்கிங்க.”

அதை எல்லாப் பிள்ளைகளும் செய்யும். அவள் அத்தோடு விடவில்லை. தலைகீழாகப் பிடித்தபடியே சின்னத் துளைப்பக்கத்தைத் தன் உள்ளங்கைமேல் இறக்கினாள். ஓர் அங்குலத்துக்கும் குறைவாக வந்தபோது மூச்சை இழுத்துக்கொண்டாள். பிறகு எனக்குத் தந்து கையை விரித்துக் காட்டினாள். தோலின் கோடுகளுக்குள் மருதாணிச் சாயம் வாய்க்கால் வாய்க்காலாக ஓடியிருந்தது. மேட்டில் வெளிர், பள்ளத்தில் கருஞ்சிவப்பு. ஓரங்களில் சின்னச் சின்னச் செதிலாக உரியத் தொடங்கியிருந்தது. அறுபது வருடத்தில் பைனாகுலரை நுணுக்குக்காட்டியாக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அவள் என் வீட்டில் பருப்பு, உப்புக்கல், செத்த ஈ, என் கைக்கடிகார முள் எல்லாவற்றையும் பார்த்து முடித்தாள். வெளியே குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன.

வீட்டைச் சுற்றியிருப்பதைப் பார்ப்பதற்கென்றே ஒரு வாழ்நாளைக் கொடுத்தவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் மறையும் வரை சென்னையிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார். காட்டு யானையை எழுதிய கையால் வீட்டுக் காகத்தையும் அணிலையும் எழுதினார். தமிழில் அவர் எழுதியவற்றைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்திருக்கிறார். அதை நான் வாசித்தது இந்தக் கூட்டுக்கு முன்னால். மறுபடி எடுத்துப் புரட்டியபோது முதல் தடவை யானைப் பக்கங்களில் மட்டும் மடிப்பு வைத்திருந்தது தெரிந்தது.

கொழும்பு 2018இல் உலகின் முதல் 18 ராம்சார் ஈரநில நகரங்களில் ஒன்றாக அங்கீகாரம் பெற்றது. இந்தச் சதுப்பும் அதற்குள் அடக்கம். 2016 மே வெள்ளத்தில் எங்கள் ஒழுங்கையில் தோணி ஓடியபோது, இது கூட இல்லாவிட்டால் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். மைத்துனர் இப்போதும் தொலைபேசியில் கேட்கிறார், “அத்தான், சதுப்பில இந்த முறை என்னென்ன வந்தது?” அந்த ஐந்து கிழமையும் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. சக்கரம் கடைசியில் முட்டியபடியே கிடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கத்தல் நின்றது. முதல் குஞ்சு முந்தின நாளே போயிருந்தது. இரண்டாவது கயிற்றில் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு பக்கத்து மாமரத்துக்குப் போனது. கூட்டைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். “கிடக்கட்டும், இன்னுமொருக்கா வந்தாலும் வரும்” என்றாள் மனைவி. கொடிக்கயிற்றின் மற்றப் பாதியில் உடுப்பைப் போட்டாள். பிறகு மேசையிலிருந்த பைனாகுலரை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். அடுப்பு மேடையில் முதுகை முட்டக் கொடுத்து நின்று, என் குவியத்தைத் தன் கண்ணுக்கு மாற்றிக்கொண்டு, வெகுநேரம் பார்த்தாள்.

“வாசலுக்குள்ள பஞ்செல்லோ வைச்சிருக்கு, இலவம்பஞ்சு” என்றாள். “நீங்கள் சொல்லவேயில்லை.”